தியாகம் தங்கிய வீடு

முன்பு ஒரு பெண்ணின் உடம்புக்குள் இரண்டு சிறுநீரகங்கள் அக்கா தங்கையாகக் குடியிருந்தன. முதுகெலும்புக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் வேலை செய்துகொண்டே ஓயாமல் பேசிக்கொள்வார்கள். இடப்பக்கத்தவள் கொஞ்சம் உயரத்தில் இருந்ததால் தன்னை அக்கா என்று சொல்லிக்கொண்டாள். வலப்பக்கத்தவள் அதற்கு மறுப்பு சொல்லவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் ஆவுடைச்செல்வி. சங்கரன்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. மாணவிகளை ஓடச் சொல்லிவிட்டு நிழலில் நிற்கிற ஆள் இல்லை, கூடவே ஓடுவாள். ஓடி முடித்து ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிக்கும்போது உள்ளே அக்காவும் தங்கையும் குளிர்ந்துபோவார்கள்.

செல்விக்கு ஒரு அண்ணன், நெல்லையப்பன். இரும்புக்கடை வைத்திருந்தான். அவனுடைய சிறுநீரகங்கள் இரண்டும் ஒரே வருஷத்தில் ஓய்ந்துபோயின. ஒன்றுவிட்டு ஒரு நாள் திருநெல்வேலிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு, முகம் கறுத்து, கால் வீங்கி வந்தான். மாற்றுச் சிறுநீரகம் வைத்தால்தான் தாக்குப்பிடிப்பான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டில் எல்லோரும் கூடிப் பேசினார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை. அண்ணன் மனைவியின் ரத்தம் சேரவில்லை. அடுத்து தம்பி சிவசைலம். அவனுக்கும் அண்ணனுக்கும் ஒரே ரத்த வகை. செல்விக்கும் அதே வகைதான். சிவசைலத்தின் பேச்சு வந்தபோது அம்மா, "எல்லாருக்கும் காபி போடட்டுமா?" என்று எழுந்துவிட்டாள். காபி வந்து சேர்ந்தபோது எல்லோரும் செல்வியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் குடுக்கேன்," என்றாள் செல்வி.

யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அப்பா ஓட்டப்பந்தயத்துக்கெல்லாம் போகக்கூடாது என்று தடுத்த காலத்தில், சைக்கிளில் உட்கார வைத்து ஊர் ஊராக அழைத்துப்போன அண்ணன் அவன். மனதறிந்துதான் சொன்னாள்.

உள்ளே தங்கை கேட்டாள்: "நம்ம ரெண்டு பேர்ல யாரு போறது?"

"நான்தான். என் ரத்தக்குழாய் நீளம். எடுத்து வைக்கிறதுக்கு டாக்டருக்குச் சுலபம்," என்றாள் அக்கா. "நீ இங்க ரெண்டு பேர் வேலையையும் பாக்கணும். பாத்திருவியா?"

"பாத்திருவேன்."

"அவளையும் பாத்துக்கோ."

அறுவைக்கு முன்னால் செல்வியைக் கேள்வி கேட்காத ஆள் இல்லை. டாக்டர்கள் கேட்டார்கள். அதிகாரிகள் கூடி உட்கார்ந்து கேட்டார்கள். யாராவது மிரட்டினார்களா? மனப்பூர்வமாகத்தான் தருகிறாயா? புருஷனுக்குச் சம்மதமா? இன்னொரு தடவை யோசிக்கிறாயா? அத்தனை பேரும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்கள். அவளும் பொறுமையாகப் பதில் சொன்னாள். அவளிடமிருந்து வாங்க வேண்டியது இருந்தவரைக்கும் அந்த அக்கறைக்கு ஒரு குறையும் இல்லை.

பிறகு ஒரு காலையில் அக்கா போய்விட்டாள்.

செல்வி கண்விழித்தபோது விலாவுக்குக் கீழே ஒருவன் புதிதாகப் பிறந்திருந்தான். தழும்பு என்று அவனுக்குப் பெயர். பிறக்கும்போதே கோபத்தோடு பிறந்தவன்.

"எங்க எல்லாரும்?" என்று கேட்டான்.

"அண்ணன் ரூம் வாசல்ல நிக்காங்க," என்றாள் தங்கை. "கண்ணாடி வழியா அக்காவைப் பாக்காங்க. மூத்திரம் வந்திருச்சுன்னு ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடிச்சு அழுதாங்க."

"இங்க ஒருத்தரும் வரலியா?"

"வருவாங்க."

வந்தார்கள். ஆனால் முதலில் வந்தவர் சொந்தக்காரர் இல்லை. வெள்ளை வேட்டி, பட்டுத் துண்டு, நெற்றியில் சந்தனம், கையில் மாலை. பின்னால் வந்த உறவுக்காரர்கள் அவரை முன்னால் விட்டு ஒதுங்கி நின்றார்கள்.

"நான் தியாகம்," என்று அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். "இனிமேல் உன்கூடத்தான் இருப்பேன்."

அவர் மாலையைச் செல்வியின் கழுத்தில் போட்டார். பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். சித்தப்பா, "நீ மனுஷி இல்லம்மா, தெய்வம்," என்றார். எல்லோரும் ஒரு சுற்று அழுதுவிட்டு அண்ணன் அறைக்குத் திரும்பிப் போனார்கள். தியாகம் மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் நல்ல நாற்காலி அவருக்குத்தான். பார்க்க வருகிறவர்கள் அவரோடுதான் பேசினார்கள். அவரைத்தான் புகழ்ந்தார்கள். செல்விக்கு என்ன வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். "ஒண்ணும் வேண்டாம், அவளுக்கு மனசு நிறைஞ்சிருக்கு," என்று அவர் பதில் சொல்லி அனுப்பிவிடுவார்.

செல்வியின் மனது நிறையவில்லை. என்னவோ இறங்கிப்போயிருந்தது. வலி குறைந்த பிறகும் எழுந்திருக்க மனமில்லை. இடப்பக்கம் மரத்துப்போய், தொட்டால் வேறு யாரையோ தொடுவது போல இருந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒருநாள் அம்மா வந்திருந்தபோது வாயைத் திறந்தாள். "எம்மா, எனக்கு என்னமோ போல..."

தியாகம் சட்டென்று எழுந்து வந்து அவள் வாயைப் பொத்தினார். "தெய்வம் அழலாமா? ஊர் என்ன நினைக்கும்? கொடுத்ததற்கு வருத்தப்படுகிறாள் என்று அண்ணன் காதுக்குப் போனால் அவன் உடம்புக்கு ஆகுமா?"

அம்மா அவர் பக்கமே தலையாட்டினாள். "அவரு சொல்லுதது சரிதானட்டி. அண்ணன் இப்பதான் எந்திரிச்சு நடக்கான். நீ மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தா அவன் எப்படித் தேறுவான்?"

"அவ மூஞ்சிக்கும் அவன் தேறுறதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று தழும்பு கத்தினான். துணிக்கு அடியில் இருக்கிறவன் குரல் யாருக்குக் கேட்கும்.

புருஷன் ராமலிங்கம் மின்வாரியத்தில் வேலை பார்த்தான். அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. முதல் சில வாரம் அவனே சமைத்தான். அதற்குப் பிறகு அவனுக்கு அலுத்துவிட்டது. ஒரு சாயங்காலம் அவள் கண் சிவந்திருப்பதைப் பார்த்துவிட்டு, சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்: "நீயாத்தான குடுத்த? பெறகு எதுக்கு அழுகை?"

தியாகம் அவளுக்காகச் சிரித்து வைத்தார்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனாள். தலைமையாசிரியை வாசலுக்கே வந்து சால்வை போட்டார். பிறகு உள்ளே அழைத்து, "நீங்க இனிமே லைப்ரரியைப் பாத்துக்கிடுங்க டீச்சர். கிரவுண்டுக்கு வேற ஆள் போட்டாச்சு," என்றார்.

"கபடி ஆடக்கூடாது, அடி படக்கூடாதுன்னுதான் ஆஸ்பத்திரியில சொன்னாங்க மேடம். ஓடலாம்னு சொல்லியிருக்காங்க."

"எதுக்கு ரிஸ்க்கு? நீங்க செஞ்சது எவ்வளவு பெரிய காரியம். உக்காந்து இருங்க."

செல்வி நூலகத்தில் உட்கார்ந்து இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் ஓடினார்கள்.

ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு வரச் சொன்ன நாளில் போனாள். டாக்டர் ரத்த முடிவைப் பார்த்தார். தழும்பைத் தொட்டுப் பார்த்தார். "பிரமாதம்மா. ஒத்தைச் சிறுநீரகம் ரெண்டு பேர் வேலையைப் பாக்குது. கொஞ்சம் பெருசாக்கூட ஆகியிருக்கு. அடுத்த வருஷம் வாங்க."

செல்வி எழுந்திருக்கவில்லை. "சார், தூக்கம் வரமாட்டேங்குது. காரணமே இல்லாம அழுகை வருது. யார்கிட்டயும் பேசப் பிடிக்கல."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கெட்டவர் இல்லை, வெளியே கூட்டம் காத்திருந்தது. "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. உங்க ரிப்போர்ட் எல்லாம் நார்மல். உங்க அண்ணனைப் பாருங்க, எவ்வளவு நல்லா இருக்கார். அதை நினைச்சுச் சந்தோஷமா இருங்க."

வெளியே வந்ததும் தழும்பு தங்கையிடம் கொதித்தான். "என்னைத் தொட்டான். உன்னை எழுத்துல பார்த்தான். அவளை ஏறிட்டுப் பார்த்தானா?"

தங்கை சொன்னாள்: "நான் ஒழுங்கா வேலை பார்த்தா அவளுக்கு நல்லதுன்னு நினைச்சேன். கடைசியில என்னைக் காட்டித்தான் அவ வாயை அடைச்சிட்டாங்க. எனக்கு வெக்கமா இருக்கு."

"அப்ப வேலையை நிறுத்து. அப்பவாவது திரும்பிப் பார்ப்பாங்க."

"அது அவளைத்தானே கொல்லும்," என்றாள் தங்கை. "அவங்க திரும்பிப் பார்க்கிறதுக்கு அவ சாகணுமா?"



இதற்குள் நெல்லையப்பன் நன்றாகத் தேறிவிட்டான். கடைக்குப் போனான். முகத்தில் ரத்தம் ஊறியது. ஆனால் செல்வி வீட்டுப் பக்கம் வருவதில்லை. கடைப் பையனிடம் ஆப்பிளும் சாத்துக்குடியும் கொடுத்தனுப்புவான். தெருவில் தூரத்தில் பார்த்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். செல்வி அதையும் பார்த்தாள். 'காரியம் முடிஞ்சிருச்சு' என்று நினைத்துக்கொண்டாள். அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

உறவில் ஒரு கல்யாணம் வந்தது. மண்டபத்தில் இடமில்லாமல் அண்ணனும் செல்வியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரும்படி ஆகிவிட்டது. இரண்டு பேரும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேளச் சத்தத்துக்குள் ஒரு பழைய குரல் கேட்டது.

"ஏட்டி, நீதானா?"

"அக்கா," என்றாள் தங்கை.

"எப்படி இருக்கா நம்மாளு?"

"என்னைக் கேக்காத. உன்னை அங்க எப்படி வச்சிருக்காங்க?"

"காய்ச்சி ஆறவச்ச தண்ணி. நேரம் தவறாம மாத்திரை. தும்மினாக்கூட டாக்டருக்குப் போன். எனக்கு ஒரு குறையும் இல்ல," என்றாள் அக்கா. அவள் குரல் தணிந்தது. "ஆனா இவன்தான் சரியில்ல. இவ பேரைச் சொன்னாலே நெஞ்சு படபடங்குது. பாக்கணும்னு கிளம்புவான், பாதி வழியில திரும்பிருவான். அந்தப் பட்டுத் துண்டுக்காரர் இங்கயும் வந்து போறாரு. 'அவள் தெய்வம். தெய்வத்திடம் போய் நீ சாதாரணமாகப் பேச முடியுமா? என்ன கொடுத்து ஈடு செய்வாய்?' அப்படின்னு இவன் காதுல ஓதுதாரு. இவன் பயந்துட்டான்."

"அப்ப இவன் மறக்கலியா?"

"மறக்கறதா. கண்ணாடி பாக்கும்போதெல்லாம் அவளை நினைக்கான்."

நெல்லையப்பன் அந்த நேரத்தில் தொண்டையைச் செருமினான். ஏதோ சொல்லப்போகிறான் என்று செல்வி திரும்பினாள். அதற்குள் தியாகம் இரண்டு நாற்காலிக்கும் நடுவில் புகுந்து உட்கார்ந்துவிட்டார். யாரோ, "அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து நில்லுங்க, ஒரு போட்டோ," என்றார்கள். இரண்டு பேரும் சிரித்தார்கள். படத்தில் நடுவில் இருந்தவர்தான் பளிச்சென்று விழுந்தார்.

அடுத்த ஆண்டு அந்த ஆஸ்பத்திரி ஒரு விழா எடுத்தது. மறுவாழ்வு பெற்றவர்களையும் அவர்களுக்கு உறுப்புக் கொடுத்தவர்களையும் மேடையேற்றிக் கௌரவிக்கிற விழா. பெரிய அரங்கம், குளிர்சாதனம், பூ அலங்காரம். மேடையில் இரண்டு வரிசையாக நாற்காலிகள். உறுப்பு வாங்கிக்கொண்டவர்களுக்கு முன்வரிசை. கொடுத்தவர்களுக்குப் பின்வரிசை.

செல்வி பின்வரிசையில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்தாள். மனைவி. அம்மா. அக்கா. மனைவி. மனைவி. மாமியார் ஒருத்தி. கடைசியில் ஒரே ஒரு அப்பா. எல்லோருக்கும் பட்டுப்புடவை, எல்லோர் முகத்திலும் ஒரே சிரிப்பு. முன்வரிசையில் தெரிந்ததெல்லாம் ஆண்களின் பிடரி.

தழும்பு மெதுவாகச் சொன்னான்: "இந்த வரிசையில எத்தனை புடவைக்கு அடியில என் ஆளுங்க இருக்காங்க தெரியுமா? எல்லாரும் முணுமுணுக்காங்க. எனக்குக் கேக்குது."

விழாப் பொறுப்பாளர் ஒரு பெண். குனிந்து செல்வியின் காதில் சொன்னாள்: "மேடம், ரெண்டு வார்த்தை போதும். சந்தோஷமா இருக்கேன், எல்லாரும் பயப்படாம முன்வாங்க. அவ்வளவுதான்."

செல்வி எழுந்து போனபோது தியாகம் ஏற்கனவே மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீ சிரித்தால் போதும். நான் பேசிக்கொள்கிறேன்."

"விடாத," என்றான் தழும்பு.

இத்தனை நாள் அடக்கிப் பேசிய தங்கையும் வாயைத் திறந்தாள். "நான் நல்லா இருக்கேன்கிறது என் சேதி. அதை உன் சேதின்னு இனிமே யாரும் சொல்ல வேண்டாம். நீ சொல்லு."

செல்வி தியாகத்தின் கையை மைக்கிலிருந்து எடுத்துவிட்டாள். அவர் திகைத்துப்போய் ஓரமாக நகர்ந்தார்.

"நான் எங்க அண்ணனுக்குக் குடுத்தேன்," என்று ஆரம்பித்தாள். "அதுக்கு எனக்கு வருத்தம் இல்ல. இன்னைக்குக் கேட்டாலும் குடுப்பேன். ஆனா நான் சந்தோஷமா இல்ல. ஆபரேஷனுக்கு முந்தி என்னை எத்தனையோ பேர் கேட்டீங்க, மனசு எப்படி இருக்கு, பயமா இருக்கா, சம்மதமான்னு. ஆபரேஷனுக்குப் பெறகு ஒருத்தர்கூட அந்தக் கேள்வியைக் கேக்கல. ஏன்னா, வாங்க வேண்டியதை வாங்கியாச்சு."

அரங்கத்தில் யாரோ இருமினார்கள்.

"நானாச் சொன்னப்ப, ரிப்போர்ட் நார்மல்னு சொன்னீங்க. நான் ரிப்போர்ட் இல்ல. எனக்குத் தூக்கம் போச்சு. நான் ஓடிக்கிட்டிருந்த கிரவுண்டு போச்சு. எங்க அண்ணன் எங்கிட்டப் பேசறது போச்சு. அழுதா, நீயாத்தான குடுத்தன்னு கேக்காங்க. நானாக் குடுத்தா எனக்கு வலிக்காதா? தெய்வம்னு சொல்றீங்க. தெய்வத்தைக் கும்பிட்டுட்டுக் கதவைப் பூட்டிட்டுப் போயிரலாம். அதுக்குத்தான் அந்தப் பேரு."

திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தாள். "இவங்ககிட்டயும் கேளுங்க. எப்படி இருக்கீங்கன்னு கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் நில்லுங்க. அது முடியலன்னா பயப்படாம முன்வாங்கன்னு என்னைச் சொல்லச் சொல்லாதீங்க."

விழாப் பொறுப்பாளர் பக்கவாட்டில் கையைக் காட்டினாள். மைக் செத்தது. பாட்டு ஒன்று பெரிதாக ஒலித்தது. "நன்றி மேடம், ரொம்ப உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க," என்று வேறொரு மைக்கில் சொல்லிச் சமாளித்தார்கள்.

செல்வி தன் நாற்காலிக்குத் திரும்பினாள். பாட்டுச் சத்தத்தில் பின்வரிசையில் நடந்ததை யாரும் கவனிக்கவில்லை. செல்விக்குப் பக்கத்து நாற்காலி அம்மாள் ஒருத்தி சிரிப்பை நிறுத்தியிருந்தாள். அவளுக்கு அடுத்தவளும் நிறுத்தினாள். கடைசியில் இருந்த அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

முன்வரிசையிலிருந்து நெல்லையப்பன் எழுந்தான். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுப் பின்னால் வந்தான். உட்கார இடமில்லை. செல்வியின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"செல்வி, எப்படிளா இருக்க?" என்று கேட்டான்.

"நல்லா இல்லண்ணே."

"சொல்லு."

"நிறைய இருக்கு. விழா நடக்குது."

"நடக்கட்டும். நீ சொல்லு."

அவள் சொன்னாள். அவன் ஆறுதல் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்டு அழவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தான். உள்ளே அக்காவும் தங்கையும்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. நெல்லையப்பன் அவளைப் பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனான். அந்த டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ராமலிங்கம் வெகுநாள் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் வாசலில் நின்றபடி, "நானும் வரட்டுமா டாக்டர்கிட்ட?" என்று கேட்டான். அம்மா மட்டும் கடைசிவரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. செல்வி தலைமையாசிரியையிடம் சண்டை போட்டு மைதானத்துக்குத் திரும்பினாள்.

ஆஸ்பத்திரி அடுத்த வருஷ விழாவுக்கு அவளைக் கூப்பிடவில்லை. பின்வரிசைக்கு வேறு ஆட்கள் கிடைத்துவிட்டார்கள்.

தியாகம் என்ன ஆனார் என்று யாரும் கேட்கவில்லை. செல்வி பேசிய அன்றைக்கு விழா முடிந்து கூட்டம் கலைந்தபோது அவர் போர்டிகோவில் தனியாக நின்றார். செல்வி அவரைக் கூட அழைத்துப் போகவில்லை. அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாலாபக்கமும் பார்த்தார்.

கொஞ்ச தூரத்தில் ஒரு குடும்பம் காருக்குப் பக்கத்தில் நின்று கவலையோடு பேசிக்கொண்டிருந்தது. கால் வீங்கிய ஒரு வாலிபனைக் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தார்கள். யார் கொடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.

தியாகம் நேராக அவர்களிடம் போனார். கைகூப்பி வணக்கம் சொன்னார். அவர்கள் மரியாதையோடு கதவைத் திறந்துவிட, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு அன்பாகக் கேட்டார்:

"உங்கள் வீட்டில் பெண் யார்?"